நிஃபாஸ் நாற்பது நாளும் தாயின் உயிரும்

சில மாதங்களுக்கு முன், இஷா தொழுகை முடிந்து வீடு திரும்பிய நேரத்தில் நமக்கு ஒரு போன் வந்தது. சிவகாசிப் பக்கத்துக் குடும்பம். மருமகளுக்குப் பிள்ளை பிறந்து ஆறு நாள். காலையிலிருந்து தாங்க முடியாத தலைவலி, கண்ணும் மங்கலாகத் தெரிகிறதாம். "ஹஜ்ரத், நாற்பது இன்னும் முடியலையே, இப்ப வெளியே கூட்டிட்டுப் போகலாமா? மகன் சவூதியில இருக்கான், அவன்கிட்டயும் இன்னும் கேக்கல" என்றார் மாமியார். "முதல்ல 108-க்குப் போன் போடுங்கம்மா, சட்டத்தைப் பிறகு பேசிக்கலாம்" என்றோம். போகும் வழியிலேயே அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார்.

அன்று தள்ளிவைத்த சட்டத்தை இங்கே சொல்லிவிடுகிறோம். நிஃபாஸ் என்பது பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கு. அது இருக்கும்வரை தொழுகை இல்லை, நோன்பு இல்லை, தாம்பத்தியம் இல்லை. அதன் உச்ச அளவு ஹனஃபி மத்ஹபில் 40 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். உதிரம் முன்னதாகவே நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டியதுதான். நாற்பது நாள் வாசற்படி தாண்டக் கூடாது என்பது பிள்ளை பெற்றவளின் ஓய்வுக்காக நம் நன்னிமார்கள் வைத்த பழக்கம். நல்ல பழக்கம்தான். ஆனால் மருத்துவமனைக்குப் போவதற்கு அதை ஒரு தடையாக மார்க்கம் எங்கும் சொல்லவில்லை.

மருத்துவர்களுக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கர்ப்ப காலத்திலோ, அது முடிந்த 42 நாட்களுக்குள்ளோ கர்ப்பத்தின் காரணமாக ஒரு பெண் இறந்தால் அதை உலக சுகாதார நிறுவனம் தாய்மரணம் என்று எண்ணுகிறது. நாம் ஓய்வு என்று ஒதுக்கிய நாட்களும் அவர்கள் ஆபத்து என்று எண்ணும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றே.

காரணம் உடலில் இருக்கிறது. பிரசவத்துக்குப் பின் ரத்த அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவது பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள். சுகப்பிரசவமான தாய்மார்கள் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். தலைவலியைத் தூக்கமின்மை என்கிறோம். மூச்சு முட்டுவதை, படுக்க முடியாமல் எழுந்து உட்காருவதை வாயு என்கிறோம். அது இதயம் பலவீனமாகிவிட்டதன் அடையாளமாக இருக்கலாம். காய்ச்சலைப் பால் கட்டிய காய்ச்சல் என்கிறோம். கர்ப்பப்பையில் தொற்றிய கிருமி ரத்தத்தில் பரவத் தொடங்கியிருக்கலாம். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் போகும் வீடுகளில் பகல் முழுவதும் பிள்ளை பெற்றவள் தனியாகவே கிடக்கிறாள். அவளுக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பது?

உதிரப்போக்கு இன்னும் ஏமாற்றும். கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய பாதியளவு கூடிவிடும். அதனால் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போன பிறகும் பெண் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பாள், ரத்த அழுத்தமும் சரியாகவே காட்டும். அதன்பின் சட்டென்று சரிந்துவிடும். மகப்பேறு தீவிர சிகிச்சைப் பிரிவு பொதுத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து தனியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கர்ப்பிணி உடலின் கணக்கே வேறு. வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட் போடுவார்கள். அளவு மீறினால் அதுவே மூச்சை நிறுத்திவிடும். ஆகவே முழங்கால் அனிச்சை அசைவு, சிறுநீர் அளவு, மூச்சு எண்ணிக்கை மூன்றையும் ஆள் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். மருந்து எங்கும் கிடைக்கும். இப்படிக் கண் கொட்டாமல் பார்க்கும் ஆள்தான் கிடைப்பதில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் இத்தகைய பிரிவுகளுக்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. விருதுநகரில் 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மிகக் கடுமையான நிலையென்றால் இன்றும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். "மதுரைக்குக் கொண்டு போங்க" என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று அழுகிறவர்கள் உண்டு. கூடுதல் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சிவகாசியிலிருந்து மதுரைக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். வீட்டில் யோசிக்கும் நேரத்தையும் அதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிரசவத்துக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். நாடு முழுவதும் அது 97. நம் மாநிலம் முன்னேதான் நிற்கிறது. ஆனாலும் அந்த 54 வீடுகளில் தாயில்லாமல் பிள்ளைகள் வளர்கின்றன.

ரத்தம் ஏற்றப் பயப்படுகிறவர்களும் நம் மாவட்டத்தில் உண்டு. 2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய பரிசோதனைகள் செய்த ரத்தமா என்று கேட்பது நம் உரிமை; தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ரத்தம் வடிந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு ரத்தமே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது அவளைச் சாகவிடுவதாகும். ஜமாஅத் இளைஞர்கள் தங்கள் ரத்த வகையைப் பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதி வைத்தால் நள்ளிரவில் அலைய வேண்டியிருக்காது.

அடுத்து, அனுமதி. நினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதமே செல்லும். பெற்ற தாயின் சம்மதம்கூட அதற்கு ஈடாகாது என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் நினைவிழந்து உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் மருத்துவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் உறவினர் கையெழுத்து கேட்டால் பக்கத்தில் நிற்பவர் போடட்டும். சவூதியிலிருந்து போன் வரும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். பெண் மருத்துவர் இல்லையென்றால் ஆண் மருத்துவர் பார்க்கலாம். நிர்ப்பந்த நிலையில் தேவையான அளவுக்கு அது ஆகும் என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

அந்தப் பெண் வீடு திரும்பிய பிறகு நம் மனைவி மூலம் ஒரு கேள்வி கேட்டனுப்பினார்: "மயக்கத்தில் கிடந்த மூன்று நாள் தொழுகையைக் களாச் செய்ய வேண்டுமா?" நிஃபாஸ் உதிரம் இருந்த நாட்கள் என்பதால் தொழுகைக்குக் களா இல்லை. ரமழான் நோன்பு ஏதும் விடுபட்டிருந்தால் அதை மட்டும் உடம்பு நன்றாகத் தேறிய பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினோம்.