தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்

காய்ச்சல், கண் எரிச்சல், வாய்ப்புண். இரண்டு நாளில் நெஞ்சிலும் முகத்திலும் திட்டுகள், பிறகு கொப்புளங்கள். நம் ஊர்ப் பக்கம் இதைப் பார்த்ததும் அம்மை என்று வேப்பிலை கட்டிவிடுவோம். திண்டுக்கல் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர் என்றால், சுண்ணாம்பு தின்றுவிட்டது என்போம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால், சாப்பிட்ட மாத்திரையே தோலை உரிக்கும் நோய் ஒன்றும் இருக்கிறது.

1922ல் இரண்டு சிறுவர்களிடம் இதைக் கண்டு எழுதிய அமெரிக்க மருத்துவர்களின் பெயரால் 'ஸ்டீவன்ஸ் ஜான்சன்' என்கிறார்கள். உடலில் 30 சதவீதத்துக்கு மேல் தோல் உரிந்தால் அதற்கு 'டென்' என்று பெயர். அந்தக் கட்டத்தில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இறக்கிறார். தப்பியவர்களில் பலருக்குக் கண் பாதிக்கப்படுகிறது. வலிப்புக்குத் தரும் கார்பமசிபைன், ஃபெனிடாயின், சல்ஃபா வகை மாத்திரைகள், யூரிக் அமிலத்துக்கான அலோபுரினால் ஆகியவை முக்கியக் காரணங்கள். புதிதாகச் சாப்பிடத் தொடங்கி 4 முதல் 28 நாட்களுக்குள் வருவதே வழக்கம். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குச் சிலருக்கே வரும். அதனால், பயந்துபோய் யாரும் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம்.

கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோலை விரலால் அழுத்தித் தள்ளினால் மேல்தோல் நழுவி வரும். இது ஒரு முக்கிய அடையாளம். விரல் வைக்காமல் இது தெரியாது. சாதி குறுக்கே வருவது இங்கேதான். 2010ல் சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் செய்த ஆய்வு, தலித் குழந்தைகளுக்குச் சிகிச்சையிலும் தொடாமை தொடர்வதைப் பதிவு செய்தது. நம் மாவட்டத்தில் அப்படி இல்லை என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சீட்டு எழுதினால், கேளுங்கள்: "ஐயா, கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

நிறமும் ஒரு தடை. பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்தான். கருத்த தோலில் சிவப்பு தெரியாது, கருநீலமாகத் தெரியும். மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தொட்டுப் பார்த்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. வேறு சில நோய்களிலும் தோல் நழுவும். குழந்தைகளுக்குக் கிருமியால் வரும் தோலுரிப்பில் மேலடுக்கு மட்டுமே பிரியும், அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். மாத்திரையால் வந்தது என்றால் மேல்தோல் முழு ஆழத்துக்கும் செத்திருக்கும். இதைப் பிரித்துச் சொல்வது பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, சுமார் 4 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோல் எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். "சதையை வெட்டுகிறார்கள்" என்று பயந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். உறையவைத்து வெட்டும் முறையில் சில மணி நேரத்திலும், வழக்கமான முறையில் சில நாட்களிலும் முடிவு வரும். அதுவரை காத்திருக்காமல், சந்தேகப்படும் மாத்திரையை மருத்துவர் அன்றே நிறுத்த வேண்டும். நாள் தள்ளத் தள்ள உயிருக்கு ஆபத்து கூடும்.

எனவே மெடிக்கல் ஷாப்பில் களிம்பு கேட்டு நிற்காமல், 108ஐ அழைத்துத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். கடந்த இரண்டு மாதத்தில் சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும், காலி அட்டையாக இருந்தாலும் சரி. மருந்தால் வந்த பாதிப்பை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நாமே பதிவு செய்யலாம். வீடு திரும்பும்போது அந்த மருந்தின் பெயரைச் சீட்டில் பெரிதாக எழுதி வாங்குங்கள். இனி எந்த ஊசி, மாத்திரைக்கு முன்பும் அந்தச் சீட்டைக் காட்ட வேண்டும்.