பணியாளர் செயல்திறனில் ஆளுமை, உணர்வு, தலைமை

பணியாளர் செயல்திறன் என்பது, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வேலையை ஒருவர் எவ்வளவு சரியாகவும் உரிய காலத்திலும் செய்து முடிக்கிறார் என்பதைக் குறிக்கும். கல்வி, பயிற்சி, அனுபவம் ஆகியவை இதற்கு அடிப்படை. ஆயினும் ஒரே படிப்பும் அனுபவமும் உள்ள இருவர் ஒரே அலுவலகத்தில் வேறு விதமாக வேலை செய்வதைக் காணலாம். மேலாளர் மாறியதும் ஒரே பணியாளரின் வேலைத்தரம் மாறுவதும் உண்டு. இவற்றை விளக்க, ஆளுமை, உணர்வு, தலைமை ஆகிய மூன்றையும் நிறுவன உளவியல் ஆராய்கிறது.

ஆளுமை

ஒருவரின் எண்ணத்திலும் நடத்தையிலும் நிலையாகத் தென்படும் இயல்புகளே ஆளுமை. கடமையுணர்வு, புறமுக நாட்டம், இணக்கம், புதியவற்றை ஏற்கும் மனம், மனப்பதற்றம் என ஐந்து பெரும் பண்புகளாக இதனை வகுப்பர். மர்ரே பாரிக், மைக்கேல் மவுண்ட் ஆகிய இருவரும் 117 ஆய்வுகளைத் தொகுத்து 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லாத் தொழில்களிலும் செயல்திறனுடன் தொடர்பு கொண்டிருந்த பண்பு கடமையுணர்வு. பிறருடன் எளிதில் பழகும் புறமுக நாட்டம், மேலாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் உதவியது. எனினும் ஆளுமை செயல்திறனின் ஒரு பகுதியையே விளக்குகிறது.

உணர்வு

பணியிடத்தில் அன்றாடம் நிகழும் சிறு நிகழ்வுகளும் மனநிலையை மாற்றுகின்றன; அம்மனநிலை வேலையைப் பாதிக்கிறது என்று ஹோவார்ட் வைஸ், ரசல் குரோபன்சானோ ஆகியோர் 1996இல் விளக்கினர். காலையில் பலர் முன்னிலையில் திட்டு வாங்கிய எழுத்தரால் அன்று மதியம் கணக்கில் மனம் செலுத்த முடியாமல் போவது இதற்கு எளிய எடுத்துக்காட்டு.

உணர்வை மறைப்பதும் ஓர் உழைப்பே. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சில்டு, 1983இல் வெளியான தம் நூலில் இதனை 'உணர்வு உழைப்பு' என்றார். உள்ளே வருத்தம் இருக்க வெளியே புன்னகைக்க வேண்டிய வேலை ஒருவரைச் சோர்வடையச் செய்யும்.

தலைமை

கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகியோர் அமெரிக்காவின் அயோவாவில் சிறுவர் குழுக்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 1939இல் வெளியானது. அதிகாரம் செலுத்தும் தலைவர், கலந்து பேசி முடிவெடுக்கும் தலைவர், எதிலும் தலையிடாத தலைவர் ஆகியோரின் கீழ் சிறுவர்கள் கைவேலைகளில் ஈடுபட்டனர். அதிகாரத் தலைவர் அறையில் இருந்தவரை வேலை நடந்தது. அவர் வெளியேறியதும் பெரிதும் குறைந்தது. கலந்து பேசும் தலைவர் இல்லாதபோதும் அவரது குழுவில் வேலை தொடர்ந்தது.

மூன்றும் சேரும் இடம்

ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் பிரிவுகளில், நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள பிரிவுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்பது அவரது எதிர்பார்ப்பு. ஆனால் அப்பிரிவுகளில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அங்குள்ள செவிலியர் அச்சமின்றித் தவற்றைச் சொன்னதே காரணம் என்று அவர் விளக்கினார். தண்டனைக்கு அஞ்சிய பிரிவுகளில் தவறுகள் மறைக்கப்பட்டன.

கேள்வி கேட்டாலோ தவற்றை ஒப்புக்கொண்டாலோ அவமானப்பட நேராது என்று ஒரு குழுவினர் கொள்ளும் நம்பிக்கையை அவர் 'உளவியல் பாதுகாப்பு' என்றார். ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இந்நம்பிக்கை உள்ள குழுக்கள் கூடுதலாகக் கற்றுக்கொள்வதையும், அக்கற்றல் செயல்திறனுக்கு உதவுவதையும் காட்டியது.

கடமையுணர்வு மிக்க செவிலியரும் அச்சம் மிகுந்தால் வாய் திறக்கத் தயங்கலாம். அவரது ஆளுமை மாறவில்லை. மேலாளரின் கடுமை எழுப்பிய அச்சமே அவரைத் தடுக்கிறது. அதனால் துன்பப்படுபவர் நோயாளி.

மதிப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

பிழையே பதிவாகாத பிரிவைச் சிறந்தது என்று உடனே முடிவு செய்யலாகாது. ஒருவரது வேலை குறையும்போது அவரைச் சோம்பேறி என்று முத்திரை குத்துவதற்கு முன், வேலை எப்போதிலிருந்து குறைந்தது, அப்போது பணியிடத்தில் என்ன மாறியது என்று கேட்டறிய வேண்டும். ஒருவரின் ஆளுமையை மேலாளரால் எளிதில் மாற்ற இயலாது. ஆனால் தவறு நேர்ந்ததாகக் கேட்ட நேரத்தில் தாம் பேசும் முதல் சொல்லை அவரால் மாற்றிக்கொள்ள முடியும்.