பிரிக்காத கடிதங்கள்

கடிதத்தை அவன் ஏன் பிரிக்கவில்லை? பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் தெருப் பெண்கள் நடுவே இந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. காக்ஸ் டவுன் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில்கூட இதே பேச்சு. பாதி தமிழ், பாதி கன்னடம். பேசப்படுவது 2016இல் தென்கொரியாவின் எஸ்பிஎஸ் சேனலில் வந்த 'மூன் லவ்வர்ஸ்: ஸ்கார்லெட் ஹார்ட் ரியோ' சீரியல். இருபது எபிசோட். முதலில் பார்த்தது கல்லூரிக்குப் போகும் பெண்கள். சப்டைட்டிலை அம்மாக்களுக்குப் படித்துச் சொன்னவர்களும் அவர்களே. இப்போது அம்மாக்கள்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கோ ஹா ஜின் இந்தக் காலத்துப் பெண். முழு சூரிய கிரகணத்தன்று தண்ணீரில் மூழ்கும் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கோரியோ என்ற கொரிய அரசின் அரண்மனையில் ஹே சூ என்ற பெண்ணின் உடலில் கண்விழிக்கிறாள். அரசனுக்கு மகன்கள் பலர். அவர்களில் நான்காமவன் வாங் சோ. பெற்ற தாயால் முகத்தில் தழும்பு பட்டு, முகமூடியோடு திரிபவன். அந்தத் தழும்பை மறைத்துப் பூச்சு போட்டுவிடுகிறாள் ஹே சூ. அங்கிருந்து தொடங்குகிறது காதல். ஐயூவும் லீ ஜூன் கியும் நடித்த அந்தக் காட்சிக்காகவே சீரியலை மறுபடி பார்ப்பவர்கள் உண்டு.

வாங் சோ அரசனாகிறான். இருவரும் பிரிகிறார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பதைச் சொல்லாமல், பதினான்காம் இளவரசன் வாங் ஜங்கை மணந்து அரண்மனையை விட்டுப் போகிறாள் ஹே சூ. உடல் நலிகிறது. அரசனுக்குக் கடிதங்கள் எழுதுகிறாள். அவை மற்றவர் கண்ணில் படக் கூடாதென்று வாங் ஜங் தன் கையெழுத்திட்ட உறைக்குள் வைத்து அனுப்புகிறான். தம்பி தன்னைச் சீண்டத்தான் எழுதுகிறான் என்று நினைத்து, அரசன் ஒன்றையும் பிரிக்காமல் போட்டுவைக்கிறான். அவள் இறந்த பிறகுதான் பிரித்துப் படிக்கிறான்.

இங்கேதான் தெரு இரண்டாகிறது. பெரியவர்கள் கட்சிக்கு அரசன்தான் குற்றவாளி. ஊரை ஆளத் தெரிந்தவனுக்கு ஓர் உறையைக் கிழித்துப் பார்க்கத் தெரியவில்லையா என்று மேல்வீட்டு அக்கா கேட்டது நியாயமாகவே பட்டது. வேலைக்குப் போகும் இளம்பெண்கள் கட்சி வேறு. பிள்ளை இருப்பதை மறைத்தவள் அவள்தானே? வாய் திறந்து சொல்லியிருந்தால் கடிதத்துக்கே வேலை இல்லையே என்கிறார்கள்.

எனக்கு இரண்டு கட்சியும் ஒப்பவில்லை. இவர்களைக் கெடுத்தது அவளுக்குத் தெரிந்திருந்த அரைகுறை வரலாறு. கிவாங்ஜோங் என்ற அரசன் ரத்தம் சிந்தி ஆண்டவன் என்பது அவளுக்குத் தெரியும். அவன் வாங் சோதான் என்பது கதை பாதி நடந்த பிறகே தெரிகிறது. அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இனி அவன் செய்யப்போகும் கொலைகளும் சேர்ந்தே தெரிகின்றன. செய்யாத குற்றத்துக்கு ஒருவனைக் கண்டு பயப்படுவது எவ்வளவு பெரிய அநீதி! அதை அவனிடம் சொல்லவும் வழியில்லை.

இந்தக் கதையின் மூலம் டோங் ஹுவா எழுதிய 'பூ பூ ஜிங் ஷின்' என்ற சீன நாவல். அதில் இந்த அநீதி இன்னும் கூர்மை. அங்கே நாயகி எட்டாம் இளவரசனிடம், நான்காமவனிடம் எச்சரிக்கையாக இரு என்று நல்லெண்ணத்தில் சொல்லிவைக்கிறாள். அதைக் கேட்டு அவன் முந்திக்கொண்டு தாக்கப்போய்த்தான் பகையே முற்றுகிறது. அவள் தடுக்க நினைத்ததை அவளே தொடங்கிவைக்கிறாள். 2011இல் சீனாவில் இது 35 எபிசோட் சீரியலாக வந்தது. காலப் பயணக் கதைகள் வரலாற்றோடு விளையாடுகின்றன என்று அந்நாட்டு ஒளிபரப்பு ஆணையம் கண்டித்ததும் அதே ஆண்டில்தான். மக்கள் பார்ப்பதை அது நிறுத்தவில்லை.

நம் '24' படமும் 2016இல் வந்ததுதான். அதில் சூர்யாவின் கையில் காலத்தை நிறுத்தும் கடிகாரம் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாயகியின் மனதைப் பிடிக்கிறான். தியேட்டரில் சிரித்தார்கள், எனக்கோ உறுத்தியது. ஒருவருக்கு எல்லாம் தெரியும், மற்றவருக்கு எதுவும் தெரியாது என்றால் அது சமமான காதலா? கொரியக் கதை இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அது வலிக்கிறது.

சேர்த்து வைத்திருக்கலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிவாங்ஜோங் கற்பனைப் பாத்திரம் அல்ல. 918இல் கோரியோவை நிறுவிய தேஜோவுக்கு 29 மனைவியர், 25 மகன்கள். ஊருக்கு ஊர் இருந்த பலமான குடும்பங்களைத் திருமணத்தால் கட்டிப்போட்டவர் அவர். அவருக்குப் பின் ஒவ்வொரு மகனுக்கும் பின்னால் தாய்வழிச் சொந்தம் ஒரு படையாக நின்றது. அந்த மகன்களில் ஒருவரான கிவாங்ஜோங் ஆண்டது 949 முதல் 975 வரை. அநியாயமாக அடிமையாக்கப்பட்டவர்களை விடுவிக்க 956இல் சட்டம் போட்டார். 958இல் தேர்வு வைத்து அதிகாரிகளை எடுத்தார். 960க்குப் பின் பிரபுக்களையும் உறவினரையும் களையெடுத்தார். மாற்றாந்தாய் வயிற்றில் பிறந்த தன் சகோதரியையே அரசியாக்கிக்கொண்டதும் வரலாற்றில் இருக்கிறது. ஹே சூவுக்கு அந்த ஏட்டில் இடமில்லை. கதாசிரியர் இல்லாத திருமணத்தை எழுதாமல் விட்டது எனக்குச் சரியாகவே படுகிறது.

கொரியாவில் அப்போது இந்தச் சீரியலுக்குப் பெரிய வரவேற்பு இல்லை. போட்டியாக கேபிஎஸ்ஸில் ஓடிய 'லவ் இன் த மூன்லைட்' இருபது சதவீதப் பார்வையாளர்களைத் தாண்டியது. இதுவோ ஒளிபரப்புக்கு முன்பே முழுவதும் எடுத்து முடிக்கப்பட்டிருந்ததால், பார்ப்பவர்கள் சொன்ன குறைக்கு ஏற்பக் கதையை மாற்றி எடுக்க வழியில்லை. வெளிநாட்டு ரசிகர்கள்தான் இதைத் தூக்கிப் பிடித்தார்கள். இரண்டாம் பாகம் வேண்டுமென்று இன்றும் கேட்கிறார்கள்.

சீனாவில் அப்படிக் கேட்டவர்களுக்கு 2014இல் 'பூ பூ ஜிங் சிங்' என்று இரண்டாம் பாகமே கிடைத்தது. அதே நாயகன் நாயகி, இந்தக் காலத்துக் கதை. முதல் பாகம் தந்ததை அது தரவில்லை என்று ரசிகர்கள் வருந்தினார்கள். எங்கள் தெருவின் கல்லூரிப் பெண்களிடம் இதைச் சொன்னால், கொரியாவில் எடுத்தால் நன்றாக வரும் என்கிறார்கள்.

வந்தால் வரட்டும். ஆனால் அதில் முதலில் பேசப்பட வேண்டியது காதலர்கள் சேர்வது அல்ல. கடைசி எபிசோடில் ஹா ஜின் இந்தக் காலத்துக்குத் திரும்பி, ஒரு கண்காட்சியில் அந்தக் கால ஓவியங்களைப் பார்த்து அழுகிறாள். தனியே விட்டுவந்த அரசனுக்காக அழுகிறாள். அவள் பெற்ற பெண்குழந்தை கோரியோவில் வாங் ஜங்கிடம் வளர்கிறது. பெற்ற தகப்பனான அரசன் அந்தக் குழந்தையைப் பார்க்கிறான், ஆனால் அரண்மனைக்குள் வராமல் இருப்பதே நல்லதென்று விட்டுவிடுகிறான். அந்தப் பிள்ளை என்ன ஆனாள்? எங்கள் தெருவில் இதைக் கேட்டவர், மகளைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் பல வருடம் வெளியூரில் வேலை பார்த்த ஓர் அம்மா. அரசன் கடிதத்தைப் பிரித்தானா இல்லையா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.