மலைக்காற்றும் மனித உடலும்

மலை ஏற ஏறக் காற்றின் கலவையில் ஆக்சிஜனின் பங்கு குறைந்துவிடும் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். சென்னை மெரினாவிலும் அந்தப் பங்கு ஏறத்தாழ 21 சதவீதம். சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலையில், இன் ஆறு பிறந்து ஓடும் எங்கடின் பள்ளத்தாக்கிலும் அதே 21 சதவீதம். குறைவது காற்றின் அழுத்தம். எங்கடினின் புகழ்பெற்ற ஊரான செயின்ட் மோரிட்ஸ் 1,822 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்கு. பக்கத்திலுள்ள கோர்வாட்ச் மலையில் கேபிள் கார் கொண்டுபோய் விடும் 3,303 மீட்டரில் அது மூன்றில் இரண்டு பங்காகிவிடும். நெஞ்சு நிறைய இழுத்தாலும் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அந்த அளவுக்குக் குறைவு. அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

ஆல்ப்ஸ் என்றாலே நம் மலைகளைவிட எல்லாம் உயரம் என்ற எண்ணமும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர். செயின்ட் மோரிட்ஸைவிட நானூறு மீட்டருக்கு மேல் அதிகம். இலங்கையின் நுவரெலியா 1,868 மீட்டர், ஏறக்குறைய அதே உயரம். ஊட்டியில் காலாற நடந்து திரிந்தவருக்கு செயின்ட் மோரிட்ஸின் உயரம் புதிதல்ல. அங்கே புதிது, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும் குளிரும் மாதக்கணக்கில் கிடக்கும் பனியும்தான்.

அழுத்தம் குறைவதைச் சமையலறையில் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீர் எங்கும் 100 டிகிரியில்தான் கொதிக்கும் என்பது கடல்மட்டத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு. செயின்ட் மோரிட்ஸில் சுமார் 94 டிகிரியிலேயே உலை கொதித்துவிடும். தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், பருப்பு மட்டும் வேகாது. அடுப்பைக் கூட்டினால் தண்ணீர் சீக்கிரம் வற்றுமே தவிர, சூடு ஒரு டிகிரிகூட ஏறாது. குக்கரில் வைத்தால் உள்ளே அழுத்தம் கூடும், கொதிநிலையும் உயரும், பருப்பும் வெந்துவிடும்.

மலையில் இரண்டு நாள் தங்கினாலே உடம்பில் புது ரத்தம் ஊறிவிடும் என்பது பழைய நம்பிக்கை. இதில் பாதி உண்மை. 1890இல் பிரெஞ்சு ஆய்வாளர் வியோ, பெரு நாட்டின் மொரோகோச்சா என்ற உயரமான சுரங்க ஊருக்குப் போய், தன் ரத்தத்தில் சிவப்பணுக்களின் எண்ணிக்கை சில வாரங்களில் கூடியதைக் கண்டார். ஆனால் முதல் ஓரிரு நாளில் நடப்பது வேறு. உடல் நீரை வெளியேற்றுவதால் ரத்தத்தின் நீர்ப்பகுதி சுண்டுகிறது. அணுக்கள் நெருங்கி நிற்கின்றன. சோதித்துப் பார்த்தால் எண்ணிக்கை கூடியதுபோல் தெரியும், உண்மையில் ஒரு அணுகூடப் புதிதாக வந்திருக்காது. ஆக்சிஜன் குறைவைச் சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே உணர்ந்து எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, அணுக்கள் பக்குவப்பட்டு வந்து சேர வாரங்கள் ஆகும்.

எவ்வளவு வாரம், எவ்வளவு பலன் என்பதை சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 2006இல் வெளியான அவர்களது ஆய்வில், முன்னணி விளையாட்டு வீரர்கள் 24 நாள், தினம் 18 மணி நேரம், சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் தங்கிக்கொண்டு, பயிற்சிக்கு மட்டும் கீழே இறங்கினார்கள். ரத்தத்திலுள்ள மொத்த ஹீமோகுளோபின் 5 சதவீதம் அளவுக்குக் கூடியது. உயரத்திலேயே பயிற்சியும் செய்தால் ஆக்சிஜன் போதாமல் வேகம் குறைந்துவிடும் என்பதால்தான் மேலே தூக்கம், கீழே ஓட்டம் என்ற ஏற்பாடு. உடம்பில் இரும்புச்சத்து போதவில்லையென்றால் இவ்வளவு பாடும் வீண். செயின்ட் மோரிட்ஸில் இரும்புச்சத்துள்ள ஊற்று ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி வெண்கலக் காலத்து மனிதர்கள் பதித்த மரத்தொட்டியின் வயது, மரவளையங்களை எண்ணி, கி.மு. 1411 என்று கணிக்கப்பட்டுள்ளது. அந்தத் தண்ணீர் சர்வரோக நிவாரணி என்று நூற்றாண்டுகளாக நம்பப்பட்டது, அது அப்படியல்ல. ஊர் திரும்பிய சில வாரங்களில், கூடிய அணுக்களும் பழைய அளவுக்கு இறங்கிவிடும்.

உடற்பயிற்சி செய்து கட்டுடலோடு இருப்பவரை மலைநோய் அண்டாது என்பதும் சரியல்ல. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று வரும் இந்த உபாதை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. பலசாலி வேகமாக ஏறிவிடுகிறார். உடம்பு பழகிக்கொள்ள நேரம் கொடுப்பதில்லை. அவருக்கே ஆபத்து அதிகமாகவும் கூடும்.

குளிரைப் பற்றிய தவறுகளில் உயிருக்கு உலை வைப்பது, மது குடித்தால் உடம்பு சூடாகும் என்பது. மது, தோலுக்கு அடியிலுள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளுறுப்புகளைச் சுற்றிக் காக்க வேண்டிய சூடான ரத்தம் தோலுக்கு வந்து பாய்கிறது. சூட்டை உணரும் நரம்பு முனைகள் தோலில் இருப்பதால் கதகதப்பாகத் தெரிகிறது; அதே நேரத்தில் உடலின் உட்சூடு வெளிக்காற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நடுக்கமும் குறைந்துபோவதால் உடம்பு தானே சூடு உண்டாக்கும் வழியும் அடைபடுகிறது. கழுத்தில் பிராந்திப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு பனியில் சிக்கியவரைக் காப்பாற்றும் செயின்ட் பெர்னார்ட் நாய், இந்த நம்பிக்கைக்கு உலகம் முழுக்க விளம்பரமாகிவிட்டது. 1820இல் லண்டன் ஓவியர் லேண்ட்சீர் தீட்டிய படத்திலிருந்து பரவிய காட்சி அது. நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியதாகச் சொல்லப்படும் பாரி என்ற நாயின் பாடம் செய்த உடல் இன்றும் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மீட்பு நாய்கள் பீப்பாய் சுமந்து திரிந்ததற்கு ஆதாரம் இல்லை.

பனியில் விறைத்துப்போன விரலைப் பனியாலேயே தேய்க்க வேண்டும் என்பதும் இதே வகை. 1812இல் நெப்போலியன் படை ரஷ்யக் குளிரில் சிதைந்தபோது, அதன் மருத்துவர் லாரே சொன்ன வழி அது. அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கண்ட வீரர்கள் உணர்விழந்த கைகளை நெருப்பில் நீட்டிப் பொசுக்கிக்கொண்டவர்கள். ஆனால் உறைந்த தசைக்குள் பனிப்படிகங்கள் இருக்கின்றன. தேய்த்தால் திசு கிழியும். 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெந்நீரில் மூழ்க வைப்பதுதான் இன்றைய முறை. அதையும், மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில்தான் செய்ய வேண்டும்.

உடல்சூட்டில் பாதி தலை வழியாகப் போய்விடும் என்ற கணக்கு, பழைய அமெரிக்க ராணுவக் கையேட்டின் வழியே பரவியது. வளர்ந்தவரின் தலை, உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்கு; இழக்கும் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவே. குல்லாய் நல்லதுதான், ஆனால் காலுறையும் அதே அளவு அவசியம். பனி பட்டாலே சளி பிடிக்கும் என்பதற்கும் அளவு உண்டு. வைரஸ் இல்லாமல் ஜலதோஷம் இல்லை. குளிர்காலத்தில் எல்லோரும் சன்னலை அடைத்துக்கொண்டு ஒரே அறையில் கூடுவதும், உலர்ந்த குளிர்காற்று மூக்கின் தற்காப்பைத் தளர்த்துவதும் வைரஸுக்கு வழிவிடுகின்றன.

குளிரான இடத்தில் வெயில் சுடாது என்பது எங்கடினில் முதல் நாளே பொய்த்துப்போகும். தோலைக் காயப்படுத்தும் புற ஊதாக்கதிருக்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. அதனால் மூக்கின் அடிப்பகுதி, தாடையின் கீழ்ப்புறம் என்று வெயில் படாத இடங்களும் கன்றிப்போகும். கறுத்த தோலுக்கு இது ஒன்றும் செய்யாது என்பது நம்மவர்களிடம் கேட்கும் பேச்சு. மெலனின் ஓரளவு காக்கும், கண்ணைக் காக்காது. பனிப்பரப்பில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் திரிந்தால், மணல் அள்ளிப் போட்டதுபோல் இரவெல்லாம் கண் உறுத்தும்.

இதே வெயிலை மருந்தாக்கியவரும் எங்கடின்காரர்தான். சமேடன் ஊரில் 1861இல் பிறந்து, அங்குள்ள மருத்துவமனையிலேயே அறுவை மருத்துவராக இருந்த ஆஸ்கர் பெர்ன்ஹார்ட், 1902 பிப்ரவரியில், அறுவைக்குப் பின் எதற்கும் ஆறாத ஒரு நோயாளியின் வயிற்றுப் புண்ணைச் சன்னல் வழியே விழுந்த வெயிலில் காட்டினார். அந்த மலைவாசிகள் நம் உப்புக்கண்டம் போல இறைச்சியைக் காயவைத்துப் பாதுகாப்பது அவருக்கு நினைவு வந்திருந்தது. புண் ஆறத் தொடங்கியது. பிறகு எலும்பிலும் மூட்டிலும் வரும் காசநோய்க்கும் வெயில் சிகிச்சை பரவியது. அவர் சொன்ன காரணம் நிற்கவில்லை. இறைச்சி கெடாமலிருப்பது உப்பாலும் நீர் வற்றுவதாலும். உயிருள்ள புண்ணோ ஈரப்பதத்தில்தான் நன்றாக ஆறும் என்று 1962இல் தெரிந்தது. வேலை செய்திருக்கக்கூடியவை, கிருமியைக் கொல்லும் புற ஊதாக்கதிரும், தோலில் உண்டாகும் வைட்டமின் டியும்தான்.

மலைக்காற்று காசநோயைக் குணமாக்கும் என்ற பெரிய நம்பிக்கையும் இப்படித்தான் வளர்ந்தது. ஹெர்மன் பிரெமர் என்ற ஜெர்மன் மருத்துவர், உயரத்தில் வாழ்பவரைக் காசம் தொடாது என்று கருதி, 1850களில் சிலேசியாவின் கோர்பர்ஸ்டோர்ஃபில் சானடோரியம் தொடங்கினார். அந்த ஊரின் உயரம் 600 மீட்டர்கூட இல்லை. எங்கடினிலிருந்து ஃப்ளூயெலா கணவாயைத் தாண்டினால் வரும் டாவோஸ், காசநோயாளிகளின் நகரமாகவே ஆயிற்று. ஜெர்மன் மருத்துவர் கோக் 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் காற்று, ஓய்வு, ஊட்டம் என்ற முறை மாறவில்லை. தேறியவர்கள் காற்றால் தேறினார்களா, சாப்பாட்டால் தேறினார்களா, தானாகவே தேறினார்களா என்று பிரித்துப் பார்க்க ஒப்பீடு வேண்டும். சிகிச்சைக்கு மருந்து வந்த பிறகும், ஓய்வும் நல்ல காற்றும் இல்லாமல் அது பலிக்காது என்றே பலர் நம்பினார்கள்.

அந்த ஒப்பீடு நடந்த இடம் சென்னை. 1956இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல், குறைந்த சாப்பாடு, வேலை எல்லாம் அப்படியே. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை அதிகம் கூடினார்கள். ஆனால் கிருமி ஒழிந்தவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் உடனிருந்தவர்களுக்கு அதனால் தொற்று கூடவுமில்லை. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. ஏழை நாடுகள் கட்ட முடியாத மருத்துவமனைகளுக்காகக் காத்திருக்காமல், மாத்திரையை வீட்டுக்கே கொடுக்கத் தொடங்கின. டாவோஸின் சானடோரியங்கள் அதற்குள்ளேயே ஒவ்வொன்றாக விடுதிகளாக மாறத் தொடங்கியிருந்தன.