நிற்பதற்கு எத்தனை மீட்டர் வேண்டும்?

சிங்கப்பூரில் 2019 நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்கள் நடைபாதையில் செல்லக்கூடாது. அவற்றை ஓட்ட சைக்கிள் பாதைகளும் பூங்கா இணைப்புப் பாதைகளும்தான் இருக்கின்றன. அங்கே சைக்கிளுக்கும் மின்ஸ்கூட்டருக்கும் வேக வரம்பு ஒன்றே: மணிக்கு 25 கிலோமீட்டர். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். எதிரே ஒருவரைக் கண்டு, நிறுத்த முடிவெடுத்து, கை பிரேக்கை அழுத்த 1 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் வாகனம் 7 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்தபின், நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால் இன்னும் 8 மீட்டர் ஓடும். ஆக மொத்தம் 15 மீட்டர். இதுவே மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் 4 மீட்டர் போதும்.

வேகம் இரண்டரை மடங்குதான் கூடியது. பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ 6 மடங்குக்கு மேல் கூடிவிட்டது. காரணம், இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டரையை இரண்டரையால் பெருக்கினால் 6.25. விபத்தில் உடல்மீது மோதுவதும் இதே ஆற்றல்தான்.

எதிரெதிரே இருவர் முழு வேகத்தில் வந்தால் இருவருக்கும் தலா 15 மீட்டர் தேவை. அதாவது, 30 மீட்டர் தொலைவிலேயே ஒருவரை ஒருவர் பார்த்தாக வேண்டும். புதர் மறைக்கும் வளைவில் இது நடக்குமா?

அடுத்தது சக்கரம். 3 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டில் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மின்ஸ்கூட்டர் சக்கரம் மெதுவாக ஏற, அது தாங்கும் எடைக்குச் சமமான விசையால் முன்னோக்கித் தள்ள வேண்டும். 66 சென்டிமீட்டர் விட்டமுள்ள சைக்கிள் சக்கரத்துக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. சைக்கிள் எளிதாகக் கடக்கும் வேர் மேட்டில் மின்ஸ்கூட்டர் தடுமாறுவது இதனால்தான். அதனால், மின்ஸ்கூட்டரை ஒட்டியபடி பின்தொடராதீர்கள். அது சட்டென்று ஒதுங்கலாம், நிற்கலாம்.

மின்ஸ்கூட்டர் ஓட்டுபவரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சைக்கிளோட்டி மிதிப்பதை நிறுத்தினால், வேகம் குறைகிறது என்று பின்னால் வருபவர் ஊகிக்கலாம். மின்ஸ்கூட்டரில் அசைவது விரல் மட்டுமே. மோட்டாரின் ஓசையும் குறைவு. முந்துவதற்கு முன் மணி அடிப்பது மரியாதை மட்டுமல்ல, முன்னால் செல்பவருக்குத் தேவையான அந்த 1 நொடியைக் கொடுப்பதும்கூட.

16 வயது நிரம்பி, கோட்பாட்டுத் தேர்விலும் தேறினால் மின்ஸ்கூட்டரைத் தனியாக ஓட்டலாம். உங்களில் பலருக்கு அந்த வயது தொலைவில் இல்லை.

அதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் வட்டாரத்துச் சைக்கிள் பாதையில் ஒரு வளைவைத் தேர்ந்தெடுங்கள். பாதையின் ஓரமாக நில்லுங்கள். வளைவைத் தாண்டி எவ்வளவு தொலைவு தெரிகிறது என்று பாருங்கள். பிறகு ஓரமாகவே நடந்து, காலடியால் அளந்து எழுதுங்கள். 30 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், அந்த வளைவில் 25 கிலோமீட்டர் வேகம் சட்டப்படி சரியாக இருக்கலாம். இயற்பியல்படி அது அதிகம்.