தீவிர நோயுற்ற குழந்தைகளுக்கு ஊட்டமளித்தலும் தசைக் காப்பும்

முன்னுரை

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), தமிழ்நாட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் 14.6 விழுக்காட்டினர் உயரத்திற்கேற்ற எடையின்றி மெலிந்துள்ளனர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் போன்ற ஊர்களிலிருந்து கடும் நிமோனியாவுடன் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டுவரப்படும் குழந்தை, தசையிருப்புக் குறைந்த நிலையிலேயே வந்து சேரக்கூடும். அக்குழந்தைக்கு எவ்வளவு ஊட்டம், எவ்வழியில் அளிப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தசைச் சிதைவு

பட்டினியின்போது உடல் நாளடைவில் கொழுப்பைச் செலவிட்டுப் புரதத்தைச் சேமிக்கும். தீவிர நோயில் இச்சேமிப்பு நிகழ்வதில்லை. கார்ட்டிசாலும் அழற்சிக் காரணிகளும் தசைப் புரதத்தைச் சிதைக்கின்றன. விடுபடும் அமினோ அமிலங்கள் கல்லீரலில் குளுக்கோசாகவும் நோயெதிர்ப்புக்கான புரதங்களாகவும் மாறுகின்றன. மாவுச்சத்தை மிகுத்தளிப்பதால் இச்சிதைவு நிற்பதில்லை. மாறாக, கரியமில வாயு மிகுந்து மூச்சுத் தசைகளின் சுமை கூடுகிறது.

ஊட்டமளிக்கும் முறை

2017ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல், அனுமதிக்கப்பட்ட 24 முதல் 48 மணி நேரத்திற்குள் குடல்வழி ஊட்டத்தைத் தொடங்குமாறும், நாளொன்றுக்குக் கிலோவிற்குக் குறைந்தது 1.5 கிராம் புரதம் அளிக்குமாறும் பரிந்துரைக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 15 கிராம் ஆகும். சிரைவழி ஊட்டத்தில் விரைவு நன்மை தருவதில்லை. லூவன், ராட்டர்டாம், எட்மண்டன் நகரங்களில் 1,440 குழந்தைகளிடம் நடைபெற்று 2016இல் வெளியான பெப்பானிக் ஆய்வில், அதனை உடனே பெற்றோருள் 18.5 விழுக்காட்டினர்க்கும், ஒரு வாரம் தாழ்த்திப் பெறவிருந்தோருள் 10.7 விழுக்காட்டினர்க்கும் புதிய தொற்று ஏற்பட்டது.

மெலிந்த குழந்தை

கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைக்கு இவ்வளவை அப்படியே பொருத்துதல் ஆகாது. உலக நலவாழ்வு அமைப்பின் நெறிமுறை, தொடக்க நாள்களில் கிலோவிற்கு ஏறத்தாழ 100 கிலோகலோரியும் 1 முதல் 1.5 கிராம் வரை புரதமும் போதும் என்கிறது. பிற குழந்தைகளுக்குக் கீழெல்லையாகும் 1.5 கிராம், இங்கு மேலெல்லையாகிறது. திடீரென ஊட்டம் மிகுந்தால் இன்சுலின் சுரந்து பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செல்களுக்குள் செலுத்தும். குருதியில் அவை குறைவதால் இதயத்துடிப்புச் சீர்கெட்டு உயிரிழப்பும் நேரலாம்.

முடிவுரை

ஆகவே, ஊட்ட அளவைக் கணிக்குமுன் நடுமேற்கைச் சுற்றளவை அளத்தல் இன்றியமையாதது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைக்கு அது 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ, இரு பாதங்களிலும் ஊட்டக்குறைவால் வீக்கம் இருந்தாலோ, கடும் ஊட்டக்குறைவெனக் கொள்ள வேண்டும். வீக்கம் எடையை மிகுத்துக் காட்டுமாதலால் எடையை மட்டும் நம்புதல் பிழையாகும். அளவுநாடா எந்தச் சிற்றூர் மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடியது. தசையைக் காக்கும் பணி அதிலிருந்தே தொடங்குகிறது.