வலி நின்றாலும் பல் வைத்தியத்தைப் பாதியில் விடாதீர்கள்



நெல்லுக்கும் கரும்புக்கும் யோசனை சொல்கிறவன் இன்றைக்குப் பல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. ஊர் ஊராகப் போகும்போது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். "ரூட் கெனால் செய்யணும்னு டாக்டர் சொல்றார், பயமா இருக்கு" என்பார் ஒருவர். "ஒரு தடவை போனேன், வலி நின்னு போச்சு, அப்புறம் போகலை" என்பார் இன்னொருவர். இந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

பல்லின் நடுவிலே நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மெல்லிய சதை, வேர் நுனிவரை ஓடுகிறது. சொத்தை அதைத் தொட்டுவிட்டால் ராத்திரி தூக்கம் போச்சு. பிறகு அந்தச் சதை செத்துப்போகும். வலியும் தானே அடங்கலாம். ஆனால் கிருமி உள்ளேதான் இருக்கிறது. வேர் நுனியில், எலும்புக்குள்ளே சீழ் கட்டும். கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவே. வலி மாத்திரையை ஈறிலே அடக்கினால் ஈறுதான் வெந்து புண்ணாகும்.

டாக்டர் என்ன செய்வார்? எக்ஸ்ரே எடுத்து, மரப்பு ஊசி போடுவார். ஊசி சுருக்கென்று இருக்கும். அப்புறம் அழுத்துவது தெரியும், வலி தெரியக்கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார். பல்லைக் குடைந்து, ஊசி போன்ற அரங்களால் வேர்க்குழாயைச் சுத்தம் செய்வார். முன்பல்லில் பெரும்பாலும் 1 குழாய். கடைவாய்ப் பல்லில் 3 அல்லது 4. அதனாலேதான் நேரம் பிடிக்கிறது. கழுவுகிற மருந்து பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். சில பற்களுக்கு ஒரே நாளில் வேலை முடியும். சீழ் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்புவார். அது நீற்றிய சுண்ணாம்புதான். அதற்காக வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பை நீங்களே அப்பிவிடாதீர்கள்!

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். தற்காலிக அடைப்பு நாளடைவில் தேய்ந்து கசியும். எச்சிலோடு கிருமி மறுபடி உள்ளே இறங்கும். பட்ட பாடு வீண். சொன்ன தேதிக்குப் போனால் குட்டா பெர்ச்சா என்ற பொருளால் குழாயை நிரப்பி மூடுவார். அது மலேயாப் பக்கத்து மரத்தின் பால். நம் இலுப்பையும் சப்போட்டாவும் அந்தக் குடும்பம்தான். 1800களில் கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகவும் இருந்தது. தண்ணீரைத் தாங்கும் சரக்கு.

கடைவாய்ப் பல்லுக்கு மேலே உறையும் பெரும்பாலும் தேவை. குடைந்த பல்லுக்குப் பலம் குறைவு. உறை போடாமல் கரும்பைக் கடித்தால் நெடுக்கப் பிளக்கலாம். வேர்வரை பிளந்த பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. செலவுக்கு யோசிக்கிறவர்கள் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் முதலில் கேளுங்கள்.

போகும்போது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம் எதுவானாலும், சாப்பிடும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். மரப்பு தெளிய 2, 3 மணி ஆகும். அதுவரை மென்றால் கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள். சில நாள் கடிக்கும்போது நோவு இருக்கும். அது குறைந்துகொண்டே வரவேண்டும். தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சல் அடித்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியவில்லை என்றால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். களத்து நெல்லை வீட்டார் பார்த்துக்கொள்வார்கள்.